சும்மா இருந்தால் துண்டிக்கப்படும்

ஓரகத்தியோடு ஒரே வீட்டில் குடியிருப்பதே ஒரு வித்தை. அவளோடு ஒரே அலுவலகத்திலும் வேலை பார்ப்பது தெரிந்தே கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது. நான் இரண்டையும் ஆறு வருடமாகச் செய்துவருகிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். கீழ்த்தளத்தில் ஐந்து கவுண்டர்கள். ரசீதை நீட்டினால், கவுண்டரில் இருப்பவர் எண்ணைத் தட்டுவார். என் டேட்டாபேஸ் முடிவைத் திரையில் கொண்டுவந்து வைக்கும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு, யார் மாத்திரை சாப்பிடுவதாகப் பொய் சொல்கிறார்கள் என்று பதினொரு வருடத்துக் கதை முழுக்க அதில் இருக்கிறது. முதல் வரியிலிருந்து அதை வளர்த்தவள் நான்.

அந்த டேட்டாபேஸ் இருக்கும் அறைக்கும் கவுண்டர்களுக்கும் நடுவில் காவல் நிற்கிற ஃபயர்வால் என் ஓரகத்தியின் பொறுப்பு. எந்தக் கணினி உள்ளே பேசலாம், எது பேசக்கூடாது, எவ்வளவு நேரம் பேசலாம் என்று விதி போடுகிறவள் அவள்தான். என் கொழுந்தனாரின் மனைவி, முறைக்கு என்னைவிட இளையவள். ஆனால் அவளுடைய அறையில் மூத்தவள் இளையவள் எல்லாம் செல்லாது. போய் நின்றால் தலையைக்கூடத் தூக்காமல், "ஃபாரம் இருக்கா மேடம்?" என்பாள். வீட்டில் அக்கா, அலுவலகத்தில் மேடம். இந்த ஏற்பாட்டில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வந்தது மூன்று மாதத்துக்கு முன்னால். வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். உள்ளேயே ஒரு படிக்கட்டு, அதன் உச்சியில் ஒரு கதவு. அந்தக் கதவு ஒருநாளும் மூடியிருந்ததில்லை. உப்பு தீர்ந்தால் ஏறிப்போய் எடுத்துக்கொள்வேன், கத்தரிக்கோல் காணவில்லை என்றால் ஏறிப்போய் அவள் அலமாரியைக் குடைவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனேன். அவள் முகம் முழுக்க எதையோ பூசிக்கொண்டு, காலை நாற்காலியில் நீட்டி, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்துப் பதறி எழுந்தவள், "அக்கா, வர்றதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுக்கக்கூடாதா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத்தான் கோபம் மூக்குக்கு மேலே இருக்குமே! "ஏன், இங்கயும் உனக்கு ஃபாரம் எழுதிக் குடுத்துட்டுத்தான் வரணுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவந்தேன். மறுநாள் கதவு மூடியிருந்தது, அவர்கள் பக்கம் தாழ்ப்பாள். அன்றிலிருந்து வீட்டிலும் நான் மேடம் ஆகிவிட்டேன். எங்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவரும் இதில் தலையிடவில்லை. வீட்டில் பெண்கள் குரல் உயர்ந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் வெளியே ஏதோ வேலை ஞாபகம் வந்து செருப்பைத் தேடுவார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. அலுவலக மெயிலில் அவளிடமிருந்து வருவதெல்லாம் என் கண்ணில் படாமல் நேராக ஒரு தனிப் பெட்டிக்குள் போய் விழும்படி ஓர் ஏற்பாடு செய்துவைத்தேன். விதி போட அவளுக்கு மட்டும்தான் தெரியுமா என்ன?

இந்த லட்சணத்தில்தான் டேட்டாபேஸ் மெதுவானது.

எங்கள் கூடத்தில் ஆரம்பத்திலிருந்து ஒரு வழக்கம். பதினொரு மணிக்கு மணி அடித்தால் ஐந்து கவுண்டர்களிலும் ஒன்றாகப் பலகையைக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் தேநீருக்குப் போய்விடுவோம். மதியச் சாப்பாடு முறைவைத்துத்தான், ஆனால் தேநீர் மட்டும் கூட்டாக. கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் வரிசை வாசல்வரை நிற்கும். இரண்டு வாரமாக, அப்படித் திரும்பி வந்து முதல் எண்ணைத் தட்டியதும் ஐந்து திரைகளிலும் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றும், சுற்றும், இரண்டு நிமிடம் சுற்றும். அதற்குள் வரிசையில் நிற்பவர்கள் எங்கள் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கியிருப்பார்கள். பிறகு தானாகச் சரியாகி, மாலைவரை ஓடும்; நடுவில் எப்போதாவது ஒரு திரை மட்டும் சுற்றினால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கவுண்டர்களுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் கவுண்டர் அண்ணன் என்போம். அவர் ஒருவரையும் கடிந்து பேசாதவர். அவரே திரையைத் தட்டோ தட்டென்று தட்டினார்.

தேநீருக்குப் பிறகு கூட்டம் மொத்தமாக மோதுகிறது, டேட்டாபேஸ் திணறுகிறது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். நானும்தான்.

திங்கட்கிழமை இயக்குநர் கையில் ஸ்டாப்வாட்சோடு கவுண்டர் பக்கம் வந்து நின்றார். அவர் டாக்டர், எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டார். "நூத்தி இருபத்தாறு செகண்டு," என்று என்னிடம் காட்டினார். "வெள்ளிக்கிழமை பதினொன்னே காலுக்கு மறுபடி வர்றேன்மா. அன்னிக்கும் இப்படித்தான்னா, டேட்டாபேஸை வெளியில ஒரு கம்பெனிகிட்ட ஒப்படைச்சிடலாம். நீங்க ஸ்டோரைப் பாத்துக்கங்க. கையுறை, ஊசி, பஞ்சு... அங்கயும் பொறுப்பான ஆள் வேணும்ல?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. பதினொரு வருடம் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டதை யார் கையிலோ கொடுத்துவிட்டு நான் பஞ்சுப்பொதிகளுக்கு நடுவே உட்காரவேண்டும். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அதிகம் தேடப்படும் விவரங்களுக்குப் புது இண்டெக்ஸ் போட்டேன். புத்தகத்தின் கடைசியில் சொல்லையும் அது வரும் பக்க எண்ணையும் போட்டுவைப்பது போல; முழுப் புத்தகத்தையும் புரட்டவேண்டாம். ஒன்றும் மாறவில்லை. செவ்வாய்க்கிழமை மெமரியைக் கூட்டினேன். காலையில் ஓடும் பேக்கப் நகலெடுப்பை விடியலுக்கு நகர்த்தினேன். அப்போதும் சக்கரம் சுற்றியது. கடைசியாக, ஒரு செகண்டுக்கு மேல் தாமதமான கேள்விகளை டேட்டாபேஸ் தானே குறித்துவைக்கும் பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு வாரமாக அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் கண்சிமிட்டும் நேரத்தில் பதில் சொல்லியிருக்கிறது என் செல்லம்.

அப்படியானால் தப்பு என்னிடம் இல்லை, வழியில்தான் இருக்கிறது. வழியில் யார் இருக்கிறார்கள்?

புதன்கிழமைக் கூட்டத்தில் இதை இயக்குநர் முன்னால் போட்டு உடைத்தேன். ஓரகத்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மேடத்தோட டேட்டாபேஸுக்குப் போற ஒரு வழியையும் நான் அடைக்கல சார். லிஸ்ட்டைப் பாருங்க, அஞ்சு கவுண்டருக்கும் அனுமதி இருக்கு. மேடத்துக்கு இது பத்தி மெயிலும் போட்டிருக்கேன்."

"மெயில் எதுக்கு? வாயில சொல்றது!" என்றேன்.

"வாயில சொன்னா கேக்குறீங்களா?" என்றாள். உட்காரும்போது, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவள் முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

வியாழக்கிழமை தேநீர் மணி அடித்தபோது நான் போகவில்லை. தேநீர் அறையில் அவள் இருப்பாள். அவள் முகத்தில் விழித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாலும் உள்ளே இறங்காது. எல்லோரும் போனதும், மூன்றாம் கவுண்டரில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் என் கணவரின் எண்ணைத் தட்டினேன். போன மாதச் சர்க்கரை திரையில் வந்து விழுந்தது. இனிப்பே தொடுவதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற மனிதருக்கு இவ்வளவா? அதற்கு முந்தைய மாதத்தைப் பார்த்தேன். பிறகு போன வருடத்தை. பிறகு அதற்கு முந்தைய வருடத்தை. வயிற்றெரிச்சலோடு கால் மணி நேரமும் அவர் சர்க்கரையின் சரித்திரத்தை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே காலுக்கு ஐந்து கவுண்டர்களும் திறந்தன. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்தில் சக்கரம் சுற்றியது. மூன்றாம் கவுண்டர் பறந்தது.

வரிசை மொத்தமும் மூன்றாம் கவுண்டருக்கு ஓடிவந்தது. அங்கே உட்காரும் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, உங்க கைராசி! தினம் வந்து உக்காந்துட்டுப் போங்க!" என்றாள். கவுண்டர் அண்ணன் நாற்காலியையே சந்தேகமாகப் பார்த்தார். "இந்த நாற்காலியை ஒண்ணாம் கவுண்டர்ல போட்டுப் பாக்கலாமா?" என்றார்.

கைராசியும் இல்லை, நாற்காலி ராசியும் இல்லை. மூன்றாம் கவுண்டருக்கும் மற்றவைக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அது மட்டும் தேநீர் நேரத்தில் சும்மா இருக்கவில்லை.

மதியம் வரை பொறுத்தேன். சாப்பாட்டு முறையில் இரண்டாம் கவுண்டர் ஒன்பது நிமிடம் சும்மா இருந்தது. தட்டியதும் பதில் வந்தது. ஐந்தாம் கவுண்டர் பன்னிரண்டு நிமிடம் சும்மா இருந்தது, தட்டினேன், சக்கரம்.

ஒவ்வொரு கவுண்டரும் காலையில் என் டேட்டாபேஸைக் கூப்பிட்டால் மாலைவரை போனை வைக்காது. அதே தொடர்பில்தான் நாள் முழுக்கக் கேள்வி கேட்கும். பத்து நிமிடம் பேச்சில்லை என்றால் நடுவில் யாரோ அந்தத் தொடர்பைக் கத்தரித்துவிடுகிறார்கள், இரண்டு பக்கத்துக்கும் சொல்லாமல். கவுண்டர் அது தெரியாமல் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நிமிடம் காத்திருக்கிறது, வெறுத்துப்போய் மறுபடி புதிதாகக் கூப்பிடுகிறது. அந்த இரண்டு நிமிடமும் கேள்வி என்னை எட்டவே இல்லை. பிறகு எங்கிருந்து என் பதிவில் தாமதம் விழும்?

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற மிதப்பில் இரண்டு இரண்டு படியாகத் தாவி அவள் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"பத்து நிமிஷத்துல என் தொடர்பை வெட்ட உனக்கு யார் உரிமை குடுத்தது?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். நீலக் கோப்பு ஒன்றை எடுத்து, ஒரு தாளைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்கதான் மேடம்."

பயன்பாட்டில் இல்லாத தொடர்புகளைப் பத்து நிமிடத்தில் துண்டிக்கச் சம்மதம். கீழே டேட்டாபேஸ் பொறுப்பாளர். அதற்கும் கீழே, வாலைச் சுழற்றிக்கொண்டு, என் கையெழுத்து. தேதி இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. பாதுகாப்புத் தணிக்கைக்கென்று ஏழு தாள் கொண்டுவந்து நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஏழிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஏழு பிரதியில் செய்திருக்கிறேன்.

"மேடம் படிச்சிட்டுத்தான் போட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "இருந்தாலும் மனசு கேக்கல. அதான் மெயில் போட்டேன்."

என் மேஜைக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். அந்தத் தனிப் பெட்டியைத் திறந்தேன். படிக்காத மெயில் பதினான்கு. "பத்து நிமிடத்துக்கு மேல் பேசாமல் இருக்கும் தொடர்பு உங்கள் பக்கம் உண்டா? இருந்தால் அதற்கு மட்டும் விலக்குத் தருகிறேன்" என்று இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில் ஒன்று. அதையே நினைவூட்டி இன்னும் சில. மற்றவை வேறு விஷயங்கள். கடைசி மெயில் புதன்கிழமை மாலை, கூட்டம் முடிந்த கையோடு அனுப்பியது. இரண்டே வரி.

"அக்கா, உங்களை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டால் எனக்கு இந்த ஆபீஸில் யார் இருக்கிறார்கள்? ஒரு தடவை உட்கார்ந்து பேசலாமா?"

அவளுக்கு அப்போதுதான் நான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓவென்று அழவேண்டும் போலவும் இருந்தது. இயக்குநர் குறித்த கெடுவுக்கு இன்னும் ஒருநாள்கூட இல்லை என்பது ஞாபகம் வந்ததால் அழவில்லை.

"உக்காரு," என்றேன். "சரி பண்ணுவோம்."

"தப்பு என் மேலயும் இருக்குக்கா," என்றாள் உட்கார்ந்துகொண்டே. "பதில் வரலன்னா 'இல்ல'ன்னு எடுத்துக்கிட்டேன். அப்படி எடுத்துக்கக் கூடாது."

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த அக்கா. இருவரும் கவனிக்காதது போல இருந்துவிட்டோம்.

ஐந்து கவுண்டர்களுக்கும் அவள் விலக்கு விதி எழுதினாள்: இந்த வழிக்கு மட்டும் ஒரு மணி நேரம். நான் என் பக்கத்தில், பேச்சில்லாமல் நான்கு நிமிடம் போனால் டேட்டாபேஸ் தானாகவே "இருக்கியா?" என்று கவுண்டரைக் கூப்பிட்டுக் கேட்கும்படி வைத்தேன். எல்லாம் முடிந்ததும் ஒரு தாளை நீட்டினாள்.

"இதுக்குமா?"

"ஃபாரம் இல்லாம விதி மாறாது மேடம்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு இயக்குநர் ஸ்டாப்வாட்சோடு வந்து ஒன்றாம் கவுண்டர் அருகே நின்றார். வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. முதலில் நின்ற பெரியம்மா ரசீதை நீட்டினார். எண்ணைத் தட்டினார்கள்.

முடிவு வந்துவிட்டது. இயக்குநருக்கு ஸ்டாப்வாட்சை அமுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"இரும்மா, இரும்மா, மறுபடி ஒருதரம்," என்றார். அடுத்தவர் ரசீதுக்கும் அதே கதை. ஐந்து கவுண்டர்களிலும் நடந்து பார்த்தார். கவுண்டர் அண்ணன் அவர் பின்னாலேயே போய் ஒவ்வொரு திரையையும் செல்லமாகத் தடவிக்கொடுத்தார். கடைசியில் இயக்குநர் எங்களிடம் வந்தார்.

"சரி, என்ன கோளாறு? யார் தப்பு?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் பின்னால், திறந்திருந்த ஸ்டோர் கதவு வழியாகப் பஞ்சுப்பொதிகள் தெரிந்தன. தெரியாமல் போட்டேன் என்றாலும் கையெழுத்து கையெழுத்துதான். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

"ஃபயர்வால் விதி சார். விதி போட்டது நான்தான்."

அதோடு விட்டிருக்கலாம். நீலக் கோப்பு அவள் அறையில் பூட்டி இருந்தது. அவள் அதைத் திறக்கமாட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"இல்ல சார்," என்றேன். "அதுல கையெழுத்துப் போட்டது நான். படிக்காமப் போட்டேன். அவ எச்சரிச்சு மெயில் போட்டா, அதையும் பாக்கல. தப்பு என்னுது."

"கையெழுத்து வாங்கின விதத்துல என் தப்பும் இருக்கு சார்."

"வாங்குறவ வாங்கத்தான் செய்வா. படிக்கவேண்டியது நான்."

"நான் வாயால சொல்லியிருக்கணும்."

"நான் சொல்லவிட்டாத்தானே!"

இயக்குநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புதன்கிழமை வரைக்கும் என்னுது இல்ல என்னுது இல்லன்னு சண்டை போட்டீங்க. இப்ப என்னுது என்னுதுன்னு சண்டை போடுறீங்க. எனக்கு அந்தச் சண்டையாவது புரிஞ்சது!" ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டார். என் பக்கம் திரும்பினார். "தப்பைத் தேடிக் கண்டுபிடிச்சு, அது தன்னோடதுன்னாலும் வெளியில சொல்ற ஆளு வெளிக் கம்பெனில கெடைக்காதும்மா. டேட்டாபேஸ் இங்கயே இருக்கட்டும். ஸ்டோருக்கு வேற ஆள் பாக்குறேன்."

இரண்டடி போனவர் திரும்பினார். "ஆனா மெயிலைப் படிங்க."

அவர் தலை மறைந்ததும் எனக்கு அழுகை வந்தேவிட்டது. ஓரகத்தி தன் கைக்குட்டையைத் தந்தாள்.

சாயங்காலம் வீடு வந்ததும் பழக்கதோஷத்தில் உள்படிக்கட்டில் ஏறினேன். பாதியில்தான் கதவு நினைவுக்கு வந்தது. திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே மேலே பார்த்தேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. அலுவலகப் படிவம் மாதிரியே கட்டம் போட்டு, வரிசை எண் போட்டு, அவள் கையால் எழுதியது.

வருபவர். வரும் காரணம். எடுத்துச்செல்லும் பொருள், திருப்பித்தரும் நாள். வருமுன் ஒரு குரல் கொடுக்கச் சம்மதமா? கட்டத்தில் குறியிடவும். எல்லாவற்றுக்கும் கடைசியில், பொடி எழுத்தில் ஒரு வரி: உள்ளே வந்து பத்து நிமிடத்துக்கு மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தொடர்பு துண்டிக்கப்படும்.

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். வரும் காரணம் என்ற இடத்தில், உப்பு, கத்தரிக்கோல் என்று எழுத நினைத்து, அதை விட்டுவிட்டு 'சும்மா' என்று எழுதினேன். கட்டத்தில் குறி போட்டேன். வாலைச் சுழற்றிக் கையெழுத்தும் போட்டேன்.

"வரலாமா?" என்று குரல் கொடுத்தேன்.

தாழ்ப்பாள் விலகியது. முகம் முழுக்க எதையோ பூசிக்கொண்டு நின்றாள்.

"படிச்சீங்களாக்கா? முழுசா?"

"எழுத்து விடாம."

"கடைசி வரிக்குச் சம்மதமா?"

"அடியே, பத்து நிமிஷம் நான் வாயை மூடிட்டு இருந்ததை இந்த வீட்டுல யாராவது பாத்திருக்காங்களா?" என்றேன். மூன்று மாதம் இருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்கவேண்டும். இருவரும் படிக்கட்டே அதிரும்படி சிரித்தோம்.

கீழே சட்டென்று பேச்சு நின்றது. சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அண்ணனும் தம்பியும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.